வடிதாளில் படிந்த ஈயம்

காற்றில் மிதக்கும் தூசியைப் பிடிக்கும் கருவியொன்றை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பொருத்தியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் ஆய்வுகூட உதவியாளர், வீடு வாவிக்கரையில். தினமும் காலையில், தூசி படியும் அதன் வடிதாளைக் கழற்றி உறையிலிடுவேன். போகும் வழியில் மட்டக்களப்பு பஸ் நிலையத்தருகே இருந்த இன்னொரு கருவியின் தாளையும் எடுத்துக்கொள்வேன். அது கரியாய்க் கறுத்திருக்கும். எங்கள் வீட்டுத் தாளோ இலேசான சாம்பல் நிறம். நல்ல காற்றில் வாழ்கிறோம் என்று நம்பியிருந்தேன்.

உலோகங்களைப் பிரித்துப் பார்த்த முடிவு வந்தது. கறுத்த தாளைவிட எங்கள் வீட்டுத் தாளில்தான் ஈயம் பல மடங்கு அதிகம். அதுவும் சனிக்கிழமைகளில் மட்டும்.

"உங்கட வீட்டுக்குக் கிட்ட பழைய பற்றரி உருக்கிற இடம் ஏதும் இருக்கா?" என்று ஆய்வுக்குப் பொறுப்பான சேர் கேட்டார்.

இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, கணவர் விட்டுப்போன பிறகு, சனிக்கிழமைகளில் பற்றரித் தகடுகளை வீட்டு வளவுக்குள் உருக்கி, வீச்சுவலைக்கு ஈயமணி வார்த்து விற்றுத்தான் சீவித்தார். நான் டெங்குவில் கிடந்தபோது நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்தவர்.

"அப்பிடி ஒண்டும் தெரியாது சேர்" என்றேன்.

அக்காவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். அடுத்த சனிக்கிழமை வேலியடிக்குப் போய், "அக்கா, அந்தப் புகை கூடாது" என்றேன்.

"புகை இஞ்ச நிக்காது புள்ள. காத்து வாவிப்பக்கம் கொண்டு போயிரும்" என்று சிரித்தார். அவருடைய மூன்று வயது மகள் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி மணலை அளைந்துகொண்டிருந்தாள். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் பிழைப்பில் கைவைக்க மனம் வரவில்லை.

மறு வருடம் அந்தப் பிள்ளைக்கு ஓயாத வயிற்றுவலி. சாப்பாடு இறங்கவில்லை. பேசிய சொற்களும் குறைந்துகொண்டே போயின. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் ஈயம் என்று தெரிந்தது.

அன்று மாலையே அக்கா வந்தார்.

"உன்ட மெசின் இதக் காட்டல்லியா புள்ள?"

"காட்டினது அக்கா. போன வருசமே."

"படிச்சவள் நீ. நஞ்சு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்டைக்கே அந்த அடுப்ப ஒடச்சிருப்பனே."

'புகை கூடாது என்று சொன்னேனே' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அது எச்சரிக்கை இல்லை, என் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னது.

மறுநாள் சேரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அனுப்பிய ஆட்கள் வந்து, ஈயம் படிந்திருந்த வளவின் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா சித்தாண்டிக்குப் போய்த் தன் தங்கையோடு இருந்துகொண்டு இடியப்பம் அவித்து விற்கிறார். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எழுத்துகள் மெதுவாகத்தான் பிடிபடுகின்றன என்று தங்கை சொன்னார்.

இடைக்கிடை போய்ப் பார்க்கிறேன். அக்கா தேநீர் தருகிறார், ஊர்க்கதை பேசுகிறார். பிள்ளையின் படிப்பைப் பற்றி நான் கேட்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.