உவரிப் பக்கம், தூங்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போனோம்

இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, அணை, பள்ளிவாசல், புரோட்டாக் கடை என்றுதான் எழுதுவேன். இந்த முறை ஒரு பால்வாடியைப் பார்க்கப் போய் வந்த கதை. போகும்போது ஒரு குழப்பத்தோடு போனேன், திரும்பும்போது அது இரண்டாகியிருந்தது. எழுதினால் கொஞ்சம் தெளியும் என்று எழுதுகிறேன்.

காரணம் எங்கள் தெரு. மேலப்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். அவர்களுடைய சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு ஜன்னத் லாத்தா தன் முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். கூடப் பிறக்காவிட்டாலும் தெருவுக்கே அவர் லாத்தா, அக்கா. பாட்டு, படம், பென்சில் பிடிக்கப் பழக்குவது எல்லாம் உண்டு. என் மகன் அழாமல் ஒன்றாம் வகுப்புக்குப் போனதே அந்த அறையின் புண்ணியம். இப்போது லாத்தாவின் மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். வருகிற மருமகளுக்கு அந்த அறை வேண்டும். பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை.

இந்த நேரத்தில்தான் அரசாங்க நிதி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டோம். தெருத் தாய்மார்களே சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்துகிற இடம் ஒன்று நடத்தினால், வாடகை, ஆயா சம்பளம், விளையாட்டுச் சாமான் எல்லாம் அரசாங்கமே தரும். எந்த நேரத்துக்கு நடத்த வேண்டும் என்று கேட்டு முடிவு செய்ய, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆபீசர் மேடம் வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பீடிக்கடை லீவு, எல்லோரும் சாவகாசமாக இருப்போம் என்று நாங்களே கேட்டு வாங்கிய நாள் அது. ஆனால் லாத்தாவுக்கு மனசு ஒப்பவில்லை. "கவர்மெண்டு காசு வந்தா கவர்மெண்டு நேரமும் கூடவே வந்துருமே, ஏட்டி பாத்து," என்றார். உவரிப் பக்கம் அதே நிதியில் ஒரு நிலையம் நன்றாக நடக்கிறதாம். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடலாம் என்று முதல் நாள் வியாழக்கிழமையே கிளம்பினோம். ஒரு நாள் பீடி போனால் போகட்டும், பிள்ளைகளை அன்றைக்கு அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று லாத்தாவே சொன்னது எனக்கு ஆச்சரியம்.

புது பஸ் ஸ்டாண்டில் காலை ஏழேகாலுக்குத் திசையன்விளை பஸ். டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். மூலைக்கரைப்பட்டி, இட்டமொழி வழியாக அறுபது கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் ஆகிறது. வயல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் லாத்தா தூங்கிவிட்டார். திசையன்விளையில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசினோம். இருநூற்றைம்பது கேட்டார் அண்ணாச்சி. பால்வாடிக்கு என்று சொன்னதும் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"பால்வாடி பாக்கவா இம்புட்டு தூரம் வாறிய? திசையன்விளையில இல்லாத பால்வாடியா?"

"அது நல்லா நடக்காம்லா," என்றார் லாத்தா.

"நடக்கு, நடக்கு. எப்பம் போனாலும் பிள்ளைய தூங்கிட்டுல்லா கெடக்கும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேலி பண்ணுகிறாராக்கும் என்று விட்டுவிட்டேன்.

அது உவரிக்குச் சற்று முன்னால் ஒரு மீனவர் ஊர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம், சுவரெல்லாம் மயிலும் மாம்பழமும். பலகையில் காலை ஒன்பதரை முதல் மாலை மூன்றரை வரை என்று எழுதியிருந்தது. மணி பத்தே முக்கால். உள்ளே போனால் அண்ணாச்சி சொன்னது அச்சு அசலாக உண்மை. வரிசையாகப் பாய் விரித்து அத்தனை பிள்ளைகளும் அடித்துப்போட்டதுபோலத் தூங்குகிறார்கள். அலமாரியில் விளையாட்டுச் சாமான் அப்படியே அடுக்கியபடி இருக்கிறது.

அங்கே பொறுப்பாக இருக்கும் கிளாரா அக்கா வாயில் விரல் வைத்து, "பைய பேசுங்க," என்றார்.

பள்ளிக்குத் தயார்ப்படுத்துகிற இடத்தில் பட்டப்பகலில் ஏன் தூங்குகிறார்கள்? எனக்குக் கோபம்கூட வந்தது. லாத்தாவின் முகம் வாடிவிட்டது. இதற்கா காசு, இதற்கா நாமும் கையெழுத்துப் போடப் போகிறோம் என்று அவர் நினைப்பது எனக்குக் கேட்டது.

கிளாரா அக்கா எங்களை வாசலுக்குக் கூட்டி வந்து கறுப்புக் காப்பி கொடுத்தார். அந்த ஊர்ப் பெண்களுக்கு வேலை விடியுமுன்னே தொடங்குகிறது. வள்ளம் கரைக்கு வரும்போது ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, வேன் பிடித்து சுற்று ஊர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு, மதியத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். அதனால் நாலு மணிக்கே பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கி வந்து கிளாரா அக்கா வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பாட்டும் கதையும் எண்ணிப் பழகுவதும் அங்கேதான். ஒன்பதரைக்கு எல்லோரையும் இந்தக் கட்டடத்துக்கு நடத்திக் கூட்டி வருகிறார். வந்ததும் பிள்ளைகள் சுருண்டு விழுந்துவிடுகிறார்கள்.

"அப்பம் நீங்க பாடஞ் சொல்லிக் குடுக்கிற நேரத்துக்குச் சம்பளம் கெடையாதா?" என்றேன்.

"கெடையாது. தூங்குத நேரத்துக்குத்தான் சம்பளம்." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நேரத்த மாத்திக் கேக்கப்படாதா?"

"கேட்டாச்சு. மேல எழுதியிருக்காவளாம். ஆனா வந்து பாக்குதவிய, பிள்ளைய தூங்குதுன்னுல்லா எழுதிட்டுப் போறாவ. இப்படியே போனா இத மூடிருவாவளோன்னு பயமா இருக்கு."

"இந்த ஒன்பதரைய வச்ச புண்ணியவான் யாரு?" லாத்தா விடவில்லை.

கிளாரா அக்கா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "நாங்கதான். ஆபீசர்மாரு நல்லவிய. எல்லா அம்மாமாரையும் ஒண்ணா வச்சிக் கேக்கணும்னாவ. வேற நாளு யாரு இருக்கா? ஞாயித்துக்கெழமைன்னா ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டாவ, ஏலம் கெடையாது. பூசை முடிஞ்சி எல்லாரும் குளிச்சிப் பூ வச்சிட்டு வந்து உக்காந்தோம். பிள்ளைய எத்தன மணிக்கு வந்தா நல்லதுன்னு கேட்டாவ. ஒன்பதரைன்னு சொன்னோம். அன்னைக்கு அதுதான் நல்லாப் பட்டுது. ஞாயித்துக்கெழம கேட்டாவ, ஞாயித்துக்கெழம நேரத்தச் சொல்லிட்டோம்."

"நம்ம வெள்ளிக்கெழமயும் லீவு நாளுல்லா?" என்றார் லாத்தா என்னிடம்.

உள்ளே ஒரு பெண் குழந்தை எழுந்து வந்து, எங்களைச் சட்டை பண்ணாமல், "மம்மி வந்துட்டாவளா?" என்று கேட்டது. இல்லை என்றதும் லாத்தாவின் மடியில் ஏறிப் படுத்து மறுபடி தூங்கிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகியும் லாத்தா எழுந்திருக்கவே இல்லை. எனக்கும் எழுப்ப மனசு வரவில்லை.

திரும்பி வரும்போது இட்டமொழி தாண்டியதும் நான் ஆபீசர் மேடத்துக்குப் போன் போட்டேன். நாளைக்கு வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"அந்த நேரத்துல எல்லாரும் பீடி குடுக்கப் போற அவசரத்துல இருப்பாங்கன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? யார் உக்காந்து பேசுவா?"

"யாரும் பேச மாட்டாங்க மேடம். அதுக்குத்தான் வரச் சொல்லுதேன்."

எனக்கே நான் சொன்னது சரியா என்று தெரியவில்லை. வருகிறவரையும் கெடுத்துக்கொண்டோமோ என்று ராத்திரி முழுக்க மண்டை காய்ந்தது.

சனிக்கிழமை அவர் வந்தார். நாற்காலி போடக்கூட ஆளில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடை அடைக்கும் முன் கொடுக்க வேண்டும். லாத்தாவின் முன்னறையில் பிள்ளைகளின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. எதிர்வீட்டுச் சபுரா அவசரத்தில் யாரென்று பார்க்காமலே, "செத்த புடிங்க," என்று தன் கைக்குழந்தையை மேடத்தின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். எந்த நேரம் வேண்டும் என்று மேடம் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தார். ஒருத்தியும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அழுகிற பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, அவரே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

நிதி வருமா என்று இன்னும் தெரியாது. கல்யாணம் நெருங்குகிறது. கிளாரா அக்காவுக்கும் மேலிருந்து பதில் வரவில்லையாம். யாரும் கெட்டவர் இல்லாத இடத்தில் காரியம் எப்படி இப்படிக் கோணலாகப் போகிறது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஏழேகால் பஸ்ஸில் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் வலது பக்கம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் வெயில்தான். ஆட்டோவை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், சாப்பிடாமல் விட மாட்டார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் போகிறீர்கள் என்றால் விடியக்காலை நாலு மணிக்குப் போங்கள். ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டார்கள். கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.