எலிக்கு மட்டும் கேட்கும் சத்தம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது. என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை புருஷனுக்கு நடந்தது. என்னிடம் சொன்ன அன்று அவன் குடித்திருக்கவில்லை. அழவும் இல்லை. ஒவ்வொன்றையும் மணி, நிமிடத்தோடு சொன்னான். சொல்லி முடித்துவிட்டுத் தன்னைத் திட்டும்படி கேட்டான். நான் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும்.

சகலைக்குக் காது மெஷின் விற்கும் கடையில் வேலை. வருகிறவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வான். எது எவ்வளவு கேட்கிறது என்று தாளில் கோடு விழும். தன் அப்பாவையும் அவனே சோதித்தான். அவருடைய கோடு பாதித் தாளிலேயே படுத்துவிட்டது. கீச்சென்ற சத்தம் எதுவும் அவருக்கு எட்டாது. பக்கத்தில் போன் அலறினாலும் திரும்ப மாட்டார். பெற்ற அப்பாவை நம்பாவிட்டாலும் அந்தத் தாளை நம்பினான் சகலை.

பிள்ளைகள் படிக்க அறை வேண்டும் என்று பெரியவரைப் பின்பக்கத்துச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். உடைந்த நாற்காலி, அட்டைப்பெட்டி, பழைய மெத்தை, அவற்றோடு ஒரு பெரியவர். அந்த அறையில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு காலையில் பார்த்தால் அவர் கட்டைவிரல் முழுக்க ரத்தம். முன்னறைக்கே வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். சகலை கடைக்குப் போய் எலி விரட்டும் கருவி ஒன்றை வாங்கி வந்தான். பிளக்கில் செருகினால் நீல விளக்கு எரியும். மனிதக் காதுக்கு எட்டாத சத்தம் போட்டு எலியைத் துரத்துமாம். ஆளை மாற்றுவதைவிட இது சுலபம்.

வியாழன் காலை 9.00-க்குச் செருகினான். வெள்ளிக்கிழமை ஒரு எலிகூட இல்லை. புழுக்கை இல்லை, பிராண்டல் இல்லை. இதெல்லாம் வேலை செய்யுமா, சும்மா ஏமாற்றா என்று ஊரே அடித்துக்கொள்கிறது. இந்த வீட்டில் ஒரே நாளில் பலித்துவிட்டது. அவன் மனைவிக்கு வாயெல்லாம் பல். சமையலறைக்கும் ஒன்று வாங்கச் சொன்னாள்.

பெரியவர் மட்டும் அன்று சாப்பிடவில்லை. சத்தம் கேட்கிறது என்றார். யாரோ பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி... விடாமல்...

சகலை சிரித்துவிட்டான். செவிடன் காதில் சங்கு ஊதினாலே கேட்காது, இவருக்கு எலிக்கு மட்டும் கேட்கும் சத்தம் கேட்கிறதாம். முன்னறைக்கு வர நாடகம் போடுகிறார் என்று முடிவு கட்டினான். நாடகத்தைக் கலைக்க, அவர் காதிலிருந்த மெஷினைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இனி இடி விழுந்தாலும் கேட்கக் கூடாது. இன்னும் கேட்கிறதா என்று சைகையில் கேட்டான். பெரியவர் ஆமென்று தலையசைத்துக் கையை நீட்டினார். நீல விளக்கைக் காட்டவில்லை. மேலே, பரணைக் காட்டினார்.

காது மந்தமானவர்களுக்குச் சத்தம் வரும் திசை சரியாகத் தெரியாது. சகலையின் தொழிலில் இது அரிச்சுவடி. அதனால் அவன் பரணை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பெரியவர் நான்கு முறை எழுந்து வெளியே வந்தார். 2.40-க்கு ஐந்தாவது முறை வந்து, வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் மகன் காலைப் பிடித்தார். சகலைக்கு மானம் போயிற்று. அவரைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டான். பழகினால் சரியாகிவிடும் என்று எல்லாருக்கும் சொன்னான். புது மெஷின் இரைச்சல் தாங்காமல் கடைக்கு ஓடி வருகிறவர்களிடம் தினமும் சொல்கிற அதே வார்த்தை.

2.50. கதவு தட்டப்பட்டது.

சகலை கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நாடகம் எத்தனை நிமிடம் ஓடும் என்று கடிகாரத்தைப் பார்த்தான்.

தட்... தட்... தட்...

3.05. தட்டுவது நின்றது. கதவிடுக்கில் பெரியவரின் குரல். அழுகை இல்லை.

"எலி எல்லாம் போயிடுச்சுடா. அதுங்களுக்குப் போக வழி இருந்துச்சு."

இவன் கடிகாரத்தைப் பார்த்தான். பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்காது.

"திறடா..."

3.10. உள்ளே கட்டில் இழுபடும் சத்தம்.

அது இரும்புக் கட்டில். பெரியவருக்கு எழுபத்தொன்பது வயது.

3.12. ஒன்றுமில்லை.

"பழகிட்டாரு" என்றான் மனைவியிடம்.

4.00. திறந்தான்.

சுவரோரம் இருந்த கட்டில் பரணுக்கு நேர் கீழே வந்திருந்தது.

அதன் மேல் பெரியவர். உயிர் இல்லை.

கண் மூடவில்லை.

இரண்டு காதிலும் பஞ்சு. மெத்தையைக் கிழித்து எடுத்த பஞ்சு. காது கிழிந்து ரத்தம் வரும்வரை அடைத்திருந்தார்...

மாரடைப்பு என்றார் டாக்டர்.

இரண்டு வாரம் கழித்துச் சகலை அந்தக் கருவியைக் கடைக்கு எடுத்துப் போனான். கண்ணாடி அறையில் செருகி, சத்தம் அளக்கும் மீட்டரைப் பக்கத்தில் வைத்தான். முள் அசையவில்லை. மனிதக் காதுக்கு எட்டாததையும் காட்டுகிற வேறு மீட்டரை வைத்துப் பார்த்தான். அதுவும் அசையவில்லை. கெட்டுப்போயிருக்கும் என்று திருகாணியைக் கழற்றினான்.

உள்ளே ஒரு நீல விளக்கு. அதற்கு இரண்டு கம்பி. கையில் எடுத்தால் கனமாகத் தெரிவதற்காக ஒரு சிமென்ட் துண்டு.

சத்தம் போடுகிற பாகமே அதில் இல்லை. வைப்பதற்கு இடமும் இல்லை.

அந்த வீட்டுக்கு இன்றுவரை ஒரு எலி திரும்பி வரவில்லை.