தொட்டிலில் ஒட்டிய காகிதம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கண்ணூறு, மந்திரம் எதையும் நம்பாதவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. எண்பதுகளில் இலங்கையிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு வந்து, டாவோஸில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்தேன்.

ஒருநாள் காலை, கைக்குழந்தையோடு தங்கியிருந்த யூதப் பெண் பதறிக்கொண்டு வந்தார். தொட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காணவில்லை. பிள்ளையைக் காக்கும் தேவதூதர்களின் பெயர்கள் அதில் இருந்தனவாம். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர்.

தரையில் கிடந்த அதை, எழுத்து விளங்காமல் கசக்கி எறிந்தவள் நான்தான். அதை அவரிடம் சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் ஓடினேன். அவரும் பின்னால் வந்தார்.

விஷயத்தைச் சொல்லிக்கொண்டே குப்பையைக் கிளறிய என்னைப் பார்த்து, பாத்திரம் கழுவும் அண்ணை சிரித்தார்.

"மந்திரம் எல்லாம் பொய்யெண்டு சொன்ன ஆள், என்னத்தைத் தேடுறாய்?"

"பகிடி விடாமல் மற்றக் குப்பை வாளியைக் கவிழுங்கோ அண்ணை."

காகிதம் அதற்குள் இருந்தது. நீவி எடுத்து, என்னை அறியாமலே இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். புத்தகம் காலில் பட்டால் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்வேன்.

கோபத்தோடு நின்ற அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அதை வாங்கி முத்தமிட்டார்.

"எங்கள் வேதப் புத்தகம் விழுந்தால் நாங்களும் இப்படித்தான்," என்றார்.

பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "நீங்களே ஒட்டிவிடுங்கள்," என்று காகிதத்தை என்னிடம் தந்தார்.

தேவதூதர்களை நான் இன்றும் நம்புவதில்லை. ஆனால் அன்று, ஒரு மூலைகூடக் கிளம்பாதபடி, நான்கையும் விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன்.