சூட்டில் மட்டும் ஒழுகும் குழாய்

பாலைவன ஊரான மெர்சூகாவில் ஹம்முவின் பட்டறைக்குப் போய் மூன்று கிளாஸ் தேநீர் குடிக்காமல் திரும்பியவர் எவரும் இல்லை. வண்டிக்கு என்ன கேடு என்று வாயைத் திறப்பதற்குள் முதல் கிளாஸ் கைக்கு வந்துவிடும். மூன்றாவது காலியாகும் வரை மனிதர் ஸ்பானரைத் தொடமாட்டார். அவசரம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு நாலாவதும் கிடைத்தது.

இதை வெறும் உபசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இருபது வருஷத்துக்கு முன்னால், மணலில் ஓடிக் கொதித்து வந்த ஒரு வண்டியின் ரேடியேட்டர் மூடியை அவர் அவசரப்பட்டுத் திறந்தார். உள்ளே இருந்த வெந்நீர் அத்தனையும் முகத்துக்கு நேராகப் பாய்ந்தது. கையை வைத்துத் தடுத்ததால் கண் பிழைத்தது. முழங்கை வரை தழும்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து தேநீர்தான் அவருக்குக் கடிகாரம். மூன்று கிளாஸ் முடிந்தால் என்ஜினும் ஆறியிருக்கும், வந்தவரும் ஆறியிருப்பார். மிமூனின் வண்டி வரும் வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

மிமூனுக்கு நாற்பது ஒட்டகங்கள். நாற்பதும் சொன்ன பேச்சு கேளாதவை. அவற்றைத் தேடி மணல்மேடுகளில் ஏறி இறங்கத்தான் அந்த உயரமான பைக்கை வைத்திருந்தார். அவருடைய மகன் ஜைதுக்கும் ஹம்முவின் மகள் இத்தோவுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. ஊருக்கே தெரியும். ஆனால் பையனைப் பெற்றவர் சர்க்கரைக் கூம்போடு வந்து பெண் கேட்டால்தான் அது கல்யாணப் பேச்சு. அதுவரை வெறும் வதந்தி. நீலக் காகிதம் சுற்றிய கூம்பு என்றைக்கு வரும் என்று ஹம்முவின் வீடே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மிமூன் வந்தார். கூம்பு இல்லை. கொதிக்கிற பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கு ஹம்மு. பத்து கிலோமீட்டர் போனா பொங்குது."

"உக்காருங்க அண்ணே, முதல்ல ஒரு கிளாஸ்."

வருங்காலச் சம்பந்தி அல்லவா, கிளாஸுக்கு இரண்டு சர்க்கரைக் கட்டி கூடுதலாக விழுந்தது. மிமூன் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் மூன்றையும் குடித்தார். அதன்பிறகு ஹம்மு ரேடியேட்டரில் அடைந்திருந்த மணலைத் தட்டினார். குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தன. ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். வண்டி சமர்த்தாக ஓடியது.

மறுநாள் மறுபடி கொதித்தது. மூன்று கிளாஸ். ரேடியேட்டர் மூடியை மாற்றினார். அதற்கும் மறுநாள் மறுபடியும் மூன்று கிளாஸ். பழைய நீரை இறக்கிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றினார். குழாய்கள் அப்போதும் எலும்பு மாதிரி உலர்ந்தே இருந்தன.

"மிமூன் அண்ணன் சுடுதண்ணிய தரையில கொட்டும்போது பிஸ்மில்லா சொன்னாரா கேளுங்க" என்றாள் மனைவி ரக்கியா. "பூமிக்கு அடியில இருக்கற ஜின்னுங்க தலையில விழுந்திருக்கும். அதுங்க சும்மா விடுமா?"

"அவர் சொல்லாம இருப்பாரா? நீ வேற."

ஹம்முவின் கவலை வேறு. ஒரு பைக்கைக்கூடச் சரிபண்ணத் தெரியாதவன் வீட்டிலா பெண் எடுப்பது என்று மிமூன் நினைத்துவிட்டால்? இத்தோவின் முகத்தைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ரக்கியா தேநீர்க் கேத்தலைக் கொண்டுவந்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"மூணு வாரமா சொல்றேன், இது ஒழுகுது. அடுப்ப அணைக்குது."

"நானும் மூணு தடவ பாத்துட்டேன். தண்ணி ஊத்தி வச்சேன், ஒரு சொட்டு இறங்கல."

"ஆறிப்போன கேத்தல்ல பாத்தா எப்படி இறங்கும்? கொதிக்கும்போதுதானே அந்த ஒட்டு வாயைத் திறக்குது. ஒரு நாளாவது சூடா இருக்கும்போது வந்து பாத்தீங்களா?"

ஹம்மு கேத்தலைப் பார்த்தார். தன் தழும்பைப் பார்த்தார். மூன்று நாளில் ஊற்றிய ஒன்பது கிளாஸையும் நினைத்துப் பார்த்தார். அட முட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மத்தியானம் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கே ஓடினார்.

"அணைக்காதீங்க அண்ணே, ஓடட்டும்."

ரக்கியா கேத்தலோடு வெளியே வந்தாள்.

"உள்ள கொண்டு போ. இன்னைக்குத் தேநீர் கிடையாது."

தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ரக்கியா கேத்தலோடு உள்ளே திரும்பினாள். ஹம்மு யாரையும் பார்க்கவில்லை. ரேடியேட்டர் மூடியின் பக்கமே போகாமல், தரையில் மல்லாந்து படுத்து வண்டியின் அடியைப் பார்த்தார். கீழ்க்குழாயின் அடிப்புறம், கிளிப் இறுக்கிய இடத்தில், ஊசி கனத்துக்கு ஒரு பீச்சல். அது புகைக்குழாய் மேல் விழுந்த மறுகணம் ஆவியாகிப் போனது. தடயம் எங்கே இருக்கும்?

"கிடைச்சிருச்சு" என்று எழுந்தார்.

மிமூன் என்ஜினை அணைத்தார். கேத்தல் போன திசையை ஒருமுறை பார்த்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

"போச்சு" என்றாள் ரக்கியா. "எட்டு மாசம் காத்திருந்து, வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டீங்க." அன்று மதியம் இத்தோ சாப்பிட வரவில்லை. ஹம்முவுக்கு அழுகை வந்தது. அழுகிற வயசா என்று அடக்கிக்கொண்டார்.

வண்டி ஆறியதும் கிளிப்பைக் கழற்றினார். அளவுக்கு மீறி இறுக்கியதில் ரப்பர் அறுபட்டிருந்தது. யார் இப்படி இறுக்கியது? அவரேதான். போன குளிர்காலத்தில் சம்பந்தி வண்டி, பலமாக இருக்கட்டும் என்று இரண்டு சுற்று கூடுதலாகத் திருகியது நினைவுக்கு வந்தது. அறுந்த நுனியை விரல் அகலம் வெட்டி எறிந்தார். குழாய் நீளம் போதுமானதாக இருந்தது. புதுக் கிளிப் போட்டு, போதும் என்கிற இடத்தில் கையை நிறுத்தினார். கூலன்ட் ஊற்றி, குமிழி வருவது நிற்கும் வரை மூடியைத் திறந்தே ஓடவிட்டார். மூடிய பிறகு மணல்மேட்டில் ஒரு மணி நேரம் தானே ஓட்டிவிட்டு வந்து, சூட்டோடு சூடாக அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

வண்டியை எடுக்க ஜைது வந்தான்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"வண்டிய எடுத்துட்டு வான்னு மட்டும் சொன்னாரு மாமா."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரம், அதே வண்டிச் சத்தம். திரும்பவும் ஒழுகுகிறதா? ஹம்மு ஓடிப்போய், மிமூன் இறங்குவதற்கு முன்பே வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

"காஞ்சுதான் இருக்கு அண்ணே, ஒண்ணும் ஒழுகலையே."

"ஒழுகுதுன்னு நான் சொன்னேனா?"

"ஐயோ மனுஷா, எழுந்து பின்னாடி பாருங்க" என்றாள் ரக்கியா.

பின் மட்கார்டின் மேல், ஒட்டகக் கயிற்றால் கட்டி, நாலு சர்க்கரைக் கூம்புகள். நாலும் நீலக் காகிதத்தில்.

ஹம்மு முதுகு மணலைத் தட்டக்கூட மறந்து நின்றார். "அண்ணே, அன்னைக்குத் தேநீர் குடுக்காம அனுப்பினது…"

"எனக்கு ரெண்டு வருஷமா சக்கரை வியாதி, ஹம்மு. வைத்தியர் இனிப்பைத் தொடக்கூடாதுன்னுட்டார். மூணு நாள்ல ஒன்பது கிளாஸ் ஊத்தின. பொண்ணு கேக்க வேண்டிய வீடு, எப்படி வேண்டாம்பேன்? அன்னைக்கு நீ இல்லைன்னதும் உயிரே வந்துது. எங்க மனசு மாறிக் கேத்தலை எடுத்துருவியோன்னுதான் திரும்பிப் பாக்காம நடந்தேன்."

பேசி முடித்த பிறகும் அவர் என்ஜினை அணைக்கவில்லை. கண் வாசலில் கேத்தலோடு நின்ற ரக்கியாவின் மேலேயே இருந்தது.

"ரக்கியா" என்றார் ஹம்மு, "சர்க்கரை போடாம ஒரே ஒரு கிளாஸ்."

மிமூன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.