நாட்டுக்கோழியும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும்

என்னிடமுள்ள நாற்பது பக்க நோட்டின் முதல் தாளில் ‘புதன், சந்தைக்கு மறுநாள்’ என்று பென்சிலில் இருக்கிறது. ஆண்டு எழுதவில்லை, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து என்பதால் காலத்தை ஊகித்துக்கொள்கிறேன். அதன் கீழே ஜமுனா என்னிடம் கேட்ட கேள்விகள். ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா? அப்பாவை ‘வாங்க’ என்கிறாய், அம்மாவை மட்டும் ஏன் ‘வா’ என்கிறாய்? இரண்டுக்கும் எதிரே நான் எழுதியிருக்கும் பதில் ஒன்றுதான்: ‘அது அப்படித்தான்.’

ஜமுனாவின் குடும்பம் ஒடிசாவிலிருந்து நாமக்கல் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணைக்கு வேலைக்கு வந்திருந்தது. அவளுடைய அப்பாவுக்குத் தமிழ் வராது. என் அப்பாவுக்கு ஒடியா வராது. பள்ளியில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஜமுனாதான் இருவருக்கும் நடுவில் நிற்பாள். புரியாத சொல் வந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான் எளிதாக்கிச் சொல்வேன். மரியாதை விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. எல்லாருக்கும் ‘ங்க’ போட்டுவிடுவாள், எங்கள் நாய்க்கும்கூட.

அவள் தங்கள் அறைக்குப் பின்னால் ஒரு நாட்டுக்கோழியைக் கூடையில் மறைத்து வளர்த்தாள். பண்ணையில் வேலை செய்பவர்கள் வேறு கோழி வளர்க்கக் கூடாது. வெளிக்கோழியின் சீக்கு ஆட்களின் காலோடு ஷெட்டுக்குள் போய்விடும் என்பதால், மருந்துத் தண்ணீரில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே போவதில்லை. முந்தைய கோடையில் சீக்கு வந்ததால் ஒரு ஷெட் கோழிகள் அத்தனையையும் குழி வெட்டிப் புதைத்தவர் என் அப்பா. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்பு ஒரு காலையில் அந்தக் கோழி முட்டையிட்டுக் கொக்கரித்தது. அது என் அப்பாவின் காதில் விழுந்தது. ஜமுனாவின் அப்பாவை அறைக்குப் பின்னால் கூப்பிட்டார், நானும் ஜமுனாவும் ஓடி வந்தோம்.

“ஏம்ப்பா, அறிவிருக்குதா உனக்கு? ஷெட்டையே வாரிக் குழியில போடறதுக்கா உன்னயக் கூட்டியாந்தேன்? ஜமுனா, உங்கப்பன இன்னிக்கே மூட்டை முடிச்சக் கட்டச் சொல்லு!” என்று கத்திவிட்டு, கூடையைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தார்.

ஜமுனா என் பக்கம் திரும்பினாள். “மூட்டை முடிச்சுன்னா என்னங்க?”

அவர்கள் கிளம்பினால் அவள் பள்ளிக்கூடமும் அன்றோடு முடிந்தது. என் மண்டையில் அது ஒன்றுதான் இருந்தது. “கோழிய வேற ஊருக்குக் குடுத்து உட்ரோணுமாம். வேற ஒன்னுமில்ல” என்று அவள் காதில் சொன்னேன்.

அவள் ஒடியாவில் சொன்னாள். அவளுடைய அப்பா முகம் இறுக, வெகுநேரம் பேசினார். ஷெட்டைக் காட்டினார், தன் பாதங்களைக் காட்டினார், என் அப்பாவை நோக்கிக் கையை நீட்டினார். அவர் நிறுத்தியதும் ஜமுனா தமிழில் சொன்னாள்: “சரிங்கன்னு சொல்றாருங்க. தப்புத்தானுங்களாம். மன்னிச்சுக்கோணுமாமுங்க.”

“அத்தனை பேச்சுக்கு இத்தனூண்டுதானா?” என்றார் அப்பா.

“எங்க பாசையில கொஞ்சம் நீளமா வருமுங்க.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செரி, கோழி மட்டும் போவட்டும்” என்றார். அன்று சாயங்காலமே கோழி மோகனூர் பஸ்ஸில் என் அத்தை வீட்டுக்குப் போனது. ஜமுனாவின் குடும்பம் போகவில்லை. அவள் எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே பன்னிரண்டு வரை படித்தாள். இப்போது திருச்செங்கோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

ஒரு குடும்பத்தையே தனி ஆளாகக் காப்பாற்றிவிட்டதாக நான் பல வருஷம் கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் செய்ததையே, என் கண்ணெதிரில் நின்று அவளும் செய்திருக்கலாம் என்று அந்த வயதில் தோன்றவேயில்லை. அன்று அவள் அப்பா நிஜமாக என்ன சொன்னார் என்று போன மாதம் அவளிடம் கேட்டேன். “அதயெல்லாம் எவ புள்ள ஞாபகம் வெச்சிருக்கறா?” என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

அவளுடைய அப்பா இன்னும் எங்கள் பண்ணையில்தான் இருக்கிறார். இப்போது அவருக்குத் தமிழ் நன்றாக வரும், கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் கேட்கப் போனால், என் அப்பா சொன்னது என்ன என்பதை நானும் சொல்லியாக வேண்டும். ஆகவே அன்று அவர் உண்மையில் பேசியது என்ன என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.