கடல் பக்கத்து அறையை நான் யாருக்குக் கொடுத்தேன்

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து இன்றைக்கும் அங்கேயே ஒரு சின்ன ஒழுங்கையில் மனைவி ரீட்டாவோடு இருக்கிறேன். தொழில் பார்த்தது வெள்ளவத்தையில். ஒரு லொட்ஜில் இருபத்தாறு வருஷம் ரிசப்ஷன். அதற்குப் பிறகு, கொழும்பு பார்க்க வருகிறவர்களுக்குப் போனிலேயே அறை பார்த்துக் கொடுக்கிறேன். “எந்த ஏரியா நல்லது?” என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லி வந்த விதம் பிழை என்று எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. முதலாளி சொன்ன விதி

லொட்ஜில் சேர்ந்த முதல் நாள் காலை, முதலாளி என்னை மேசைக்குப் பின்னால் நிறுத்திச் சாவிப் பலகையைக் காட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்காமல் பகிடி விடுவார்.

“பெனடிக்ற், உனக்கு மூளை வேலை ஒண்டும் இல்லை. எங்கட சனம் எண்டா வெள்ளவத்தை. வெள்ளைக்காரன் எண்டா கோட்டை. வேற யோசிக்காதை. கடல் பக்க ரூமை மட்டும் கண்டவனுக்கும் நீட்டாதை. அது எங்கட ராசாத்தி.”

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலிலேயே இருபத்தாறு வருஷம் போய்விட்டது. வவுனியாவோ மன்னாரோ, எங்கிருந்து வந்தாலும் வெள்ளவத்தை. சாப்பாட்டுக்கடை பக்கத்தில், பாஷைக் கஷ்டம் இல்லை, யாழ்ப்பாண பஸ் கிட்டவே வந்து நிற்கும். பொய் இல்லை, நல்ல இடம்தான். ஆனால் நான் குடியிருக்கிற கொட்டாஞ்சேனைக்கு ஒரு ஆளைக்கூட நான் அனுப்பியதில்லை. குறுகல் ஒழுங்கை, ஏற்ற இறக்கம், ஓயாத சத்தம். வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம்.

2. ராசாத்தியைக் கொடுத்த நாள்

போன வருஷம் சாவகச்சேரியிலிருந்து ஒரு அம்மா போன் எடுத்தார். பெயர் பரமேஸ்வரி.

“தம்பி, என்ர தம்பி சிவநேசன் கொழும்பு பாக்க வாறான். ஏழு நாள். தனியத்தான் வருவன் எண்டு நிக்கிறான். அவனுக்குக் கண் தெரியாது.”

“ஒரு கண்ணா அக்கா?”

“ரெண்டும். பிறவியிலயிருந்து.”

அவரே சொன்னார்: “நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு விளங்குது. நானும் அதைத்தான் கேட்டனான். அறுபது வயசில பென்சன் எடுத்திட்டு உனக்கென்னடா கொழும்பு எண்டு. கேக்கிறானில்லை. இவ்வளவு காலமும் என்ர கையைப் பிடிக்காமல் ஊர் தாண்டினதில்லை, தம்பி.”

பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். “ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறரைக்கு உங்களுக்குப் போன் எடுப்பன். உள்ளதைச் சொல்லவேணும். ஒரு பிசகு நடந்தாலும் நானே வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன். பேந்து அவன் தனிய எங்கையும் போகக்கூடாது. அதுக்கு அவனும் ஓமெண்டு போட்டான்.”

“மாதாவை நெனச்சுச் சொல்றேன் அக்கா. உள்ளதைத்தான் சொல்வேன்.”

எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வந்துவிட்டது. பழைய லொட்ஜிலேயே பேசி, மூன்றாம் மாடியில் ராசாத்தியை எடுத்து வைத்தேன். திங்கட்கிழமை காலை அவர் வந்து இறங்கினார். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் வெள்ளைத் தடி. நான் ஜன்னலைத் திறந்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதையெல்லாம் ஒப்பித்தேன்: “சேர், இங்க இருந்து பாத்தா முழுக் கடலும் தெரியும். பின்னேரம் சூரியன் எறங்கிறப்ப பாக்கணும், தனி அழகு.”

சொல்லி முடித்த பிறகுதான் யாருக்குச் சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

அவர் சிரித்தார். “பரவாயில்லை அண்ணை. நீங்கள் பாத்திட்டு எனக்குச் சொல்லுங்கோ.”

என்னுடைய கார்டை அவருடைய சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன். எதற்காகக் கொழும்புக்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை.

3. தடி

புதன்கிழமை பின்னேரம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. கடலோர ரோடான மரீன் டிரைவில் தம்பிலி இளநீர் விற்கிற சிங்கள ஆள். உடைந்த தமிழில் சொன்னார்: “ஐயா, இந்த மாத்தயா சட்டையில உங்க கார்ட். கெதியா வாங்க. ஆள் இருக்கு. தடிதான் இல்ல.”

நான் அப்போது பம்பலப்பிட்டியில் இருந்தேன். ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, சிவநேசன் தம்பிலி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் தடியின் ஒரு துண்டு.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தையின் பெரிய ரோடான காலி வீதிப் பக்கம் நடந்து பார்த்திருக்கிறார். நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிளும் கடைச் சாமானும். திரும்பிவிட்டார். புதன்கிழமை கடலைத் தொட்டுப் பார்ப்போம் என்று இறங்கியிருக்கிறார். வெள்ளவத்தையில் கடலுக்கு முன்னால் ரயில் பாதை இருக்கிறது, இரட்டைத் தண்டவாளம். ஒரு கோச்சி கடந்து போகும் வரைக்கும் ஒழுங்காகக் காத்து நின்றிருக்கிறார். அது போனதும் காலை வைத்தார். மற்றத் தண்டவாளத்தில் எதிர்ப்பக்கமிருந்து வந்த கோச்சி, முதல் கோச்சியின் சத்தத்துக்குள்ளும் அலைச் சத்தத்துக்குள்ளும் மறைந்துபோயிருந்தது. தம்பிலிக்காரர் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். தடி கைதவறி விழுந்து, கோச்சிச் சில்லுக்குள் அகப்பட்டது.

“கடல் எல்லாத்தையும் விழுங்கிப்போடுது அண்ணை,” என்றார் சிவநேசன். “அந்த ரூமிலயும் அப்பிடித்தான். ஜன்னலைத் திறந்தா எனக்கு ஒண்டும் தெரியேல்லை. குருடனாப் போனமாதிரி இருந்துது.”

அந்தச் சொல் என்னைக் குத்தியது. லொட்ஜில் இருக்கிறதிலேயே நல்ல அறை என்று நான் தேடிக் கொடுத்தது அது.

4. ஆறரை மணி

அவரைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிப் போனேன். இன்னும் சில நிமிஷங்களில் அக்கா எடுப்பார். சிவநேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அக்காவுக்குச் சொல்லாதேங்கோ அண்ணை. இன்னும் நாலு நாள் கிடக்கு. எனக்கு இனி இப்பிடி ஒரு பயணம் வராது.”

நான் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய் சொன்னால் இந்த மனிதருக்கு நாலு நாள் கிடைக்கும். ஆனால் பெற்ற பிள்ளைபோல அவரைப் பார்த்த அக்காவுக்கு மாதாவின் பெயரில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன் அடித்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசியில், “பிழை அவர் மேல இல்ல அக்கா. நான்தான் அவருக்கு ஒத்துவராத எடத்தில கொண்டுபோய் வச்சிட்டேன்” என்றேன்.

“வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸிலதான் சீற் இருக்கும். சனி காலமை வாறன். அதுவரைக்கும் அவனை ரூமை விட்டு விடாதேங்கோ.”

“அதை மட்டும் கேக்காதீங்க அக்கா. தடியப் பறிச்ச மாதிரி ஆயிடும். நான் கூடவே இருக்கேன். சனிக்கிழமை வந்து நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க.”

அக்கா போனை வைத்துவிட்டார். சிவநேசன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் நான் முதல்தடவையாகக் கேட்டேன்: “சேர், நீங்க கொழும்புக்கு எதுக்கு வந்தீங்க?”

அவர் என் பக்கம் திரும்பினார். “நான் கூட்டுறவுச் சங்கத்தில டெலிபோன் ஒப்பரேட்டர், அண்ணை. முப்பது வருசமாக் கொழும்புக்கு லைன் குடுத்தனான். கதைக்கிற ஆளின்ர குரலுக்குப் பின்னால கொழும்பு கேக்கும். பஸ், கோர்ன், ஆரோ ஏசிற சத்தம். எங்களுக்குச் சாமான் அனுப்பிற ஒரு கடை. அங்கையிருந்து மத்தியானம் எடுத்தா முதல்ல ஒரு பெரிய மணி கேக்கும். கொஞ்சத்தில பள்ளிவாசல் பாங்கு கேக்கும். அந்தச் சத்தங்கள் எங்கையிருந்து வருகுது எண்டு நேர போய்ப் பாக்கவேணும் எண்டு ஆசை. வேறொண்டும் இல்லை.”

இவ்வளவுதான் விஷயம். திங்கட்கிழமையே கேட்டிருந்தால் ஒரு தடி மிஞ்சியிருக்கும்.

5. எஞ்சினை நிற்பாட்டி

வியாழக்கிழமை காலை எங்கள் ஒழுங்கை நசீரின் ஓட்டோவில் கிளம்பினோம். எனக்கே ஒரு ஆர்வம் வந்துவிட்டது. நான் காலமெல்லாம் அறை கொடுத்த ஊரை இந்த மனிதர் எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் எஞ்சினை நிற்பாட்டச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தார்.

பம்பலப்பிட்டியில், “இங்கை எல்லாரும் எங்கையோ போய்க்கொண்டிருக்கினம்” என்றார். கோட்டையில் பெரிய கட்டடங்களுக்கு நடுவே, “சத்தம் சுவரில பட்டுத் திரும்பி வருகுது. எது உண்மை எண்டு தெரியேல்லை.” முகத்துவாரத்தில் மீன் மணம் பிடித்துக்கொண்டது, ஆனால் அலை கேட்டதும் தலையை ஆட்டினார். “திரும்பவும் கடல்.”

நசீர் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: “பெனடிக்ற் அண்ணே, இவர் காணி வாங்க வந்தவரா?”

மத்தியானம் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் திருப்பினோம், வேறு எண்ணம் இல்லை. எங்கள் ஒழுங்கை முடக்கில் ஓட்டோ நின்றது. மேட்டில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் மணி அடித்தது. சிவநேசன் இறங்கி அப்படியே நின்றார். மணி அடங்கிய கொஞ்ச நேரத்தில் பள்ளத்துப் பக்கமிருந்து பாங்கு சொன்னார்கள். இடது பக்கம் பேக்கரியில் தட்டு விழுகிற சத்தம், பாண் மணம். அதற்கு எதிரே அம்மன் கோவிலில் யாரோ சின்ன மணியை ஆட்டினார்கள்.

“அந்த மணியா சேர்?”

“தெரியாது அண்ணை. கடையும் இப்ப இல்லை. ஆனா இப்பிடித்தான் கேட்டது.” காலால் ரோட்டை அழுத்திப் பார்த்தார். “மேல ஏறினா மணி. கீழ இறங்கினா பாங்கு. இங்கை ஒவ்வொரு சத்தமும் தன்ர இடத்தில நிண்டு கூப்பிடுது. ஆர் இஞ்சை வழி தவறுவினம்? நீங்கள் எங்கை இருக்கிறனீங்கள்?”

“இங்கதான் சேர். இந்த ஒழுங்கைக்குள்ள.”

“அப்ப ஏன் என்னை அங்கை விட்டனீங்கள்?”

அன்றைக்கே எங்கள் முன்னறையை ஒழித்துக் கொடுத்தோம். அங்கேதான் மாதா சுரூபம் இருக்கிறது. ரீட்டா மெழுகுதிரியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அவருடைய திருநீற்றுப் பைக்கும் அதே தட்டில் இடம் கொடுத்தாள். தடிக்கு, நிலம் துடைக்கிற மொப்பின் அலுமினியக் கைப்பிடியைக் கழற்றினாள். “வீடு ரெண்டு நாளைக்கு அழுக்கா கெடந்தா ஒண்ணும் ஆகாது” என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க நடந்தார். நான் அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பின்னால் போனேன். நாலாவது தடவை நின்று திரும்பினார்: “அண்ணை, உங்கட செருப்புச் சத்தம் என்னைக் குழப்புது. கழட்டுங்கோ, இல்லாட்டி வீட்டை போங்கோ.” கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். பேக்கரிக்காரர், “நேர்த்திக்கடனா பெனடிக்ற்?” என்று கேட்டார்.

6. சனிக்கிழமை

பரமேஸ்வரி அக்கா புறக்கோட்டையில் இறங்கி, நான் போனில் சொன்னபடி ஓட்டோவில் எங்கள் கோயில் வாசலுக்கு வந்தார். நித்திரை இல்லாத கண். ஒரு சின்னப் பேக் மட்டும். திரும்பிப் போக வந்தவரின் பேக்.

“எங்கை அவன்?”

“வருவார் அக்கா. பாண் வாங்கப் போயிருக்கார்.”

“தனியவோ?”

நான் கையைக் காட்டினேன். சிவநேசன் பேக்கரியிலிருந்து வெளியே வந்தார், ஒரு கையில் மொப் தடி, மறுகையில் பாண் பார்சல். ரோட்டோரத்தில் நின்றார். ஒரு லொறி போனது. இன்னொரு ஓட்டோ போனது. அதற்குப் பிறகும் நின்றார். அக்காவின் கை என் முழங்கையை இறுக்கியது. கூப்பிட வாயைத் திறந்தார். பிறகு தானாகவே மூடிக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிவநேசன் ரோட்டைக் கடந்து, எங்களை நோக்கி மேட்டில் ஏறி வந்தார். இரண்டு அடி தூரத்தில் நின்று மூக்கைச் சுளித்தார்.

“அக்கா, உந்தத் தைலத்தைப் பூசிக்கொண்டே பஸ்ஸில வந்தனீங்கள்? பக்கத்துச் சீற் ஆள் பாவம்.”

அக்கா அழுதார். பிறகு தடியைப் பார்த்தார். “இதென்னடா, மொப்போ?”

சாப்பிட்டு முடித்ததும் அக்கா சொன்னார்: “அவன் தன்ர நாளை முடிச்சிட்டு வரட்டும் தம்பி. எனக்கும் ரெண்டு நாளைக்கு ஒரு ரூம் பாருங்கோ. எங்கையெண்டாலும் சரி.”

என் வாயில் பழைய பதில் தயாராக வந்தது. விழுங்கிக்கொண்டேன். “அக்கா, கொழும்பில நீங்க என்ன பாக்கணும்?”

அவர் திகைத்துப்போனார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது. தம்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “கடல்,” என்றார். “இருந்து பாக்கவேணும். அவனைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சதில நான் ஒண்டையும் நிண்டு பாத்ததில்லை.”

அன்று பின்னேரமே ராசாத்தியை அவருக்குக் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, எதுவும் ஒப்பிக்காமல் வந்துவிட்டேன்.

இப்போது யார் போன் எடுத்து “எந்த ஏரியா நல்லது?” என்று கேட்டாலும், நான் பதில் சொல்வதில்லை. எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சிலபேருக்கு அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுக்கும். பொறுக்க வேண்டும். வெள்ளவத்தைக்கும் அனுப்புகிறேன், கொட்டாஞ்சேனைக்கும் அனுப்புகிறேன். தேவன் எனக்குக் காட்டிய வழி அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை, வழக்கம்போல ஆறரை மணிக்கு அக்காவின் போன் வந்தது. நானும் சிவநேசனும் கோயில் படியில் உட்கார்ந்திருந்தோம்.

“தம்பி, சூரியன் இறங்கப்போகுது. போனை அவனிட்டைக் குடுங்கோ. நான் பாத்துப் பாத்துச் சொல்லுறன்.”

கொடுத்தேன். அவர் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் மேலே மணி அடிக்கத் தொடங்கியது. போனை மணியின் பக்கம் உயர்த்திப் பிடித்தார்.