நாகையா பிரித்த வண்டிகள்

கிள்ளான் சாலையில், ஆற்றோரப் பள்ளத்தில், தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பழைய இரும்புக் கிடங்கு இருந்தது. ஓடி ஓய்ந்த கார்களும் மோதி நொறுங்கிய கார்களும் அங்கே வந்து சேரும். அவற்றின் எஞ்சின்களைப் பிரிப்பது நாகையாவின் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ஆள் குறைத்தபோது ரயில் பட்டறையிலிருந்து வெளியே வந்தவர். கழற்றிய போல்ட் ஒவ்வொன்றையும் அதனதன் துளையிலேயே இரண்டு சுற்றுத் திருகி வைப்பார். நல்ல சாமானில் உளிமுனையால் மூன்று புள்ளி குத்துவார். அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் பிரிக்பீல்ட்ஸ் பட்டறைக்காரர்கள் சோதிக்காமலே வாங்கிப் போவார்கள்.

உயிர் போன வண்டி வந்தால் மட்டும் வேலை மாறும்.

கிடங்குக்கு வந்த முதல் வருடம், ரத்தம் காய்ந்த ஒரு காரைப் பிரித்துவிட்டு வந்த அதே வாரத்தில் அவர் மனைவி மாரியாயிக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. "செத்தவங்க சாமானத் தொட்டுட்டு அப்படியே வூட்டுக்குள்ள வந்தீங்கல்ல" என்றாள். அதன்பிறகு தினமும் அவர் வேட்டி முனையில் ஒரு துண்டு மஞ்சளை முடிந்து அனுப்பினாள். சாவு வண்டி என்றால் நாகையா முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குவார். கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, மஞ்சள் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுப்பார்.

முப்பத்திரண்டு கடைசியில் பந்திங் சாலையில் உருண்ட கார் ஒன்று வந்தது. ஓட்டியவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். எஞ்சினில் ஒரு கீறல்கூட இல்லை. நாகையா எல்லாவற்றையும் முக்கினார். எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னட்டோவையும் கையில் எடுத்தார். கூட வேலை செய்யும் பழனியப்பன் சிரித்தான்.

"அண்ணே, மேக்னட்டோவையுமா குளிப்பாட்டுறீங்க? சளி புடிச்சுக்கும் லா."

"தீட்டுன்னா எல்லாத்துக்கும்தான்டா."

மேக்னட்டோவுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்பது நாகையாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் மாரியாயி அப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். முக்கினார். நான்கு நாள் வெயிலில் காயவைத்தார். ஐந்தாம் நாள் காலை, குளிர் விடுமுன், அச்சைச் சுழற்றிப் பார்த்தார். பொறி நீலமாகக் குதித்தது. மூன்று புள்ளி குத்தினார்.

குழந்தை பிழைத்தது. நல்லம்மாள் என்று பெயர் வைத்தார்கள்.

முப்பத்து நான்கில், மாசி மாத வெயிலில், மாட்டுவண்டியில் ஏற்றி ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தார்கள். பின்பாதி காகிதம்போல் நசுங்கியிருந்தது. கதவு வைக்காத ரயில் கடவை ஒன்றில் அடிபட்டது. இறந்தவர் காருக்குச் சொந்தக்காரர் கந்தையா, யாழ்ப்பாணத்தவர், ரயில்வே கிளார்க். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க அந்தப் பேச்சுதான் என்று பழனியப்பன் சொன்னான்.

"வேணும்னே நிறுத்துனாராம் அண்ணே. ரயில் டைமைக் கையால எழுதுற ஆளு, தெரியாமலா நிக்கிறாரு? ஆள் குறைக்கிற லிஸ்டுல பேரு வந்திருச்சாம். வண்டிய விட்டு எறங்கி, முன்னாடிப் போயி நின்னாராம்."

நாகையா எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். முன்பக்கம் போய்க் குனிந்தார். எஞ்சினைச் சுழற்றும் ஹேண்டில் அதன் துளையிலேயே இருந்தது. செருகியபடியே வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது.

நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாகப் போகிறவர் ஹேண்டிலைச் செருகமாட்டார். வண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டது. மனிதர் இறங்கி ஓடவில்லை. குனிந்து சுழற்றியிருக்கிறார். மறுபடியும் சுழற்றியிருக்கிறார்.

ஏன் பிடிக்கவில்லை?

மூடியைத் தூக்கினார். கார்புரேட்டரைக் கழற்றினார், அடைப்பில்லை. பெட்ரோல் குழாயில் வாயை வைத்து ஊதினார், காற்று போனது. மிச்சமிருந்தது மேக்னட்டோ. அதன் பட்டையைத் தளர்த்தி, வெளியே எடுத்து, அடிப்பக்கத்தைக் கந்தலால் துடைத்தார்.

மூன்று புள்ளி.

பழனியப்பனைப் பார்த்தார். அவன் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாகையா அதே இடத்தில் நின்று அச்சைச் சுழற்றினார். பொறி குதித்தது. நீலமாக, நன்றாக. அடக்கியிருந்த மூச்சை விட்டார். அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. விபத்து நடந்தது மத்தியானம், இரண்டு மணிக்கு, எஞ்சின் கொதித்திருக்கும். பந்திங் காரிலிருந்து எடுத்த இதை அவர் சோதித்ததோ விடியற்காலைக் குளிரில்.

கொட்டகையின் தகரம் தொட முடியாதபடி சுட்டது. மேக்னட்டோவை அதன்மேல் வைத்தார்.

அது சூடேறிக்கொண்டிருந்தபோதுதான் ஓர் அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை. பள்ளத்துக்குள் இறங்கும்போது வழுக்கிவிடாமல் ஒரு பழைய மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

"கந்தையாவின்ர வீட்டுக்காரி நான். பூரணம். அவற்ர கண்ணாடி காருக்குள்ள கிடக்கோ எண்டு பார்க்க வந்தனான்."

நாகையா சீட்டுக்கடியில் துழாவி எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் உடைந்திருந்தது. வாங்கிக்கொண்டும் அவர் போகவில்லை. காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர்தான் இதைப் பிரிக்கிறவரோ?"

"ஆமாம்மா."

"ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லும். அவர் வேணுமெண்டு நிப்பாட்டினவரோ?"

"இல்லம்மா." நாகையா முன்பக்கம் கூட்டிப் போய் ஹேண்டிலைக் காட்டினார். "எஞ்சின் நின்னுருக்கு. ஐயா எறங்கிச் சுத்தியிருக்காரு. இதோ, மாட்டுனபடியே வளைஞ்சிருக்கு பாருங்க."

பூரணம் குனிந்து அந்த இரும்பைத் தொட்டார். விரலில் எண்ணெய் ஒட்டியது. சேலையில் துடைக்கவில்லை.

"அப்ப அவர் எங்கள விட்டுட்டுப் போகேல்ல."

"போகலம்மா."

அத்தோடு முடித்திருக்கலாம். அந்த அம்மாவும் குடையை விரித்துவிட்டார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"நல்லா ஓடின கார். அது ஏன் நிண்டது?"

கார் என்றால் நிற்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா நம்பியிருப்பார். நாகையாவின் கண் தகரத்தின் பக்கம் போனது. பூரணமும் அங்கே பார்த்தார்.

நாகையா கந்தலைச் சுற்றி மேக்னட்டோவை இறக்கினார். கம்பியை அதன் உடம்புக்கு நெல்லளவு தள்ளிப் பிடித்தார். அச்சைச் சுழற்றினார். ஒன்றுமில்லை. இன்னும் வேகமாகச் சுழற்றினார். ஒன்றுமில்லை. கம்பியை இறுகப் பிடித்து மறுபடியும் சுழற்றினார். பொறி வரவில்லை.

"இங்கதான் பொறி வரணும்மா. குளிர்ல வருது. சூடானா வரல."

"ஏன்?"

அவர் நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே செப்புக்கம்பிச் சுருள். அதன்மேல் சுற்றிய நூல் ஒரு பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தது. மடிப்புகளில் மஞ்சள்தூள் காய்ந்து படிந்திருந்தது.

"இது என்ன மஞ்சள்?" என்றார் பூரணம்.

பழனியப்பன் டயரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தான். "அண்ணே, சும்மா இருங்க" என்று மெதுவாகச் சொன்னான்.

"மஞ்சத் தண்ணிம்மா. நான்தான் முக்குனேன். இது இதுக்கு முன்ன ஒரு சாவு வண்டில இருந்துச்சு. தீட்டுக் கழியட்டும்னு கழுவுனேன். உள்ள தண்ணி போவக்கூடாது. தெரிஞ்சுதான் முக்குனேன். என் பொஞ்சாதி உண்டாயிருந்தா."

வெயிலில் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பூரணம் உடைந்த கண்ணாடியை மடக்கினார், விரித்தார், மடக்கினார்.

"பிள்ளை இருக்கோ?"

"இருக்கும்மா. பொண்ணு."

பூரணம் கண்ணாடியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்த முதல் காரில செத்த ஆள் ஆர்?"

"தெரியாதும்மா."

"பேர்?"

"கேக்கல."

"பேரும் கேளாமலே கழுவினீரோ." அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. "இவற்ர பேர் கந்தையா. தெல்லிப்பளை கந்தையா. இதை இனிக் கழுவ வேண்டாம். குவார்ட்டர்ஸில வந்து, இப்ப எனக்குச் சொன்னதை அங்கையும் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை நாகையா போனார். ஹேண்டிலையும் மேக்னட்டோவையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு, குவார்ட்டர்ஸ் முற்றத்தில், ஆண்கள் கூடியிருந்த இடத்தில், நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். அடுப்புக்கரியில் சூடாக்கிச் சுழற்றிக் காட்டினார். ஒருவர் எழுந்து அவர் கன்னத்தில் அறைந்தார். நாகையா சாக்கைக் கட்டிக்கொண்டு நடந்தே திரும்பினார். பூரணம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அவர்கள் சந்திக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பட்டறைக்காரர்கள் மூன்று புள்ளியை நம்புவதை விட்டார்கள். அவரும் குத்துவதை விட்டார். மாரியாயி மட்டும் மஞ்சளை முடிந்துகொண்டேயிருந்தாள். காலையில் கொண்டுபோவார், மாலையில் அப்படியே திரும்பிக் கொண்டுவருவார். சட்டியில் அவள் மஞ்சள் கரைக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் என்று அவள் கேட்டதில்லை. சில நாட்களில் நல்லம்மாள் தூங்கும்போது அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் வலது கை தானாகச் சுற்றும், ஹேண்டிலைச் சுழற்றுவதுபோல.

சாவு வண்டி வந்தால் பெயர் கேட்டார். பெயர் தெரியும்வரை ஸ்பானரைத் தொடமாட்டார். கவிழ்த்துப்போட்ட டின்னின்மேல் உட்கார்ந்திருப்பார். "லெக்காஸ் லா நாகையா!" என்று தவுக்கே அவசரப்படுத்திக் கத்துவார். கடைசியில் பழனியப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவான்.

"செமினி ஆளாம் அண்ணே. பேரு யாசின். போதுமா? இல்ல, அவங்க தாத்தா பேரும் வேணுமா?"

"போதும்."

அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு முதல் நட்டில் கை வைப்பார்.

பந்திங் காரில் இறந்தவரின் பெயரைத் தேடி நாகையா மூன்று முறை பந்திங் போனார். சந்தையில் கேட்டார், கோயிலில் கேட்டார், கார் உருண்ட வளைவில் இருந்த காப்பிக்கடையில் கேட்டார். வெளியூர் ஆள், துறைமுகப் பக்கமாக இருக்கலாம் என்றார்கள். துறைமுகத்திலும் கேட்டார்.

அந்தக் காரின் வெறுங்கூடு கிடங்கின் மூலையில் கிடந்தது. எஞ்சின் இருந்த இடத்தில் லாலான் புல் வளர்ந்து, கண்ணாடியில்லாத ஜன்னல் வழியே வெளியே வந்திருந்தது. இரும்பு விலை ஏறியபோது, அதை வெட்டி விற்கவேண்டும் என்று தவுக்கே ஆளோடும் வெட்டுக்கருவியோடும் வந்தார். நாகையா போய்க் கூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இன்னும் பேரு வரல தவுக்கே."